செகண்ட் ஹேண்ட் டூரிங் பைக்: செல்ஃப் எடுக்கவில்லை, சார்ஜ் ஏறவில்லை, வழியில் நிற்கிறது – அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

என்னுடைய 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியை மூன்றாவது கையாக வாங்கினேன். முதல் வருடத்திலேயே இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இரண்டு முறையும் பழுது பேட்டரியில் இல்லை. எங்கே இருந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். அதற்குப் பிறகு கூட வரும் நண்பர்களின் வண்டிகளிலும் இதே தொல்லையை வேறு வேறு முகத்தில் பலமுறை பார்த்துவிட்டேன்.

தூரப் பயணத்துக்கு ஓடிய பழைய வண்டி என்றால் முன்பு வைத்திருந்தவர் ஃபாக் லேம்ப், போன் சார்ஜர், இரட்டை ஹாரன் என்று எதையாவது மாட்டியிருப்பார். விற்கும்போது விளக்கைக் கழற்றிக்கொண்டு வயரை அப்படியே விட்டுவிடுவார். அதனால் நான் எப்போதும் வயர் முனை, ஃபியூஸ், எர்த் (பேட்டரி மைனஸை எஞ்சின், சேசிஸ் உலோகத்தோடு இணைக்கும் வயர்) இவற்றை முதலில் பார்ப்பேன். அப்புறம் பேட்டரி. அப்புறம் ரிலே (சின்ன மின்சாரத்தில் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், காயில் தரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது). எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயில் கடைசி. பாகத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்த வரிசையைத் தாண்டாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், பேட்டரி முனைக்கான ஸ்பேனர் அல்லது ஸ்க்ரூடிரைவர், பிளக் ஸ்பேனர், எமரி பேப்பர் ஒரு துண்டு, வாஸ்லின், உபரி ஃபியூஸ்கள், ஒரு புது ஸ்பார்க் பிளக். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

## சாவி போட்டால் எதுவுமே எரியவில்லை

ஸ்பீடோமீட்டர் விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் எல்லாமே இருட்டு என்றால் பயப்பட வேண்டாம். இது பெரும்பாலும் சின்னப் பழுதுதான்.

முதலில் பேட்டரி முனைகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி எமரி பேப்பரால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

அடுத்து மெயின் ஃபியூஸ். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மீட்டரின் பீப் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்துச் சோதியுங்கள். ஃபியூஸின் கால் தளர்ந்து, உட்காரும் இடம் கருகியிருக்கலாம். புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. 15 ஆம்ப் போன இடத்தில் 30 போட்டு ஓட்டாதீர்கள், சிகரெட் அட்டையின் ஜரிகைத் தாளைச் சுற்றாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் வயரிங் கிட் (வண்டி முழுக்கப் போகும் வயர்க் கட்டு) எரியும். சீட்டுக்கு அடியில் எரியும் வயருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

ஃபியூஸ் சரியாக இருந்தும் இருட்டு என்றால் சாவியை ‘ஆன்’ நிலையில் மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். விளக்கு மின்னி மறைந்தால் இக்னிஷன் சுவிட்சின் உள்முனையோ அதன் கப்ளரோ (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கூடு) தேய்ந்திருக்கிறது. கப்ளரைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். தீரவில்லையென்றால் சுவிட்ச் மாற்றும் வேலை, எலக்ட்ரீஷியனிடம் விடலாம்.

## செல்ஃப் அழுத்தினால் ‘டிக் டிக் டிக்’ என்று மட்டும் அடிக்கிறது

ரிலே இழுக்கிறது, உடனே விட்டுவிடுகிறது. மோட்டாருக்குத் தேவையான மின்சாரம் போய்ச் சேரவில்லை.

வண்டி குறைந்தது ஒரு மணி நேரம் நின்ற பிறகு பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள்.

12.6 வோல்ட்டும் அதற்கு மேலும்: பேட்டரி நிறைந்திருக்கிறது.
12.4க்குக் கீழ்: சார்ஜ் போட வேண்டும்.
12.0 அல்லது அதற்கும் கீழ்: காலி.

நிறைந்திருக்கிறது என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். மீட்டரை வைத்தபடியே செல்ஃப் அழுத்துங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. 8, 7 என்று சரிந்தால் பேட்டரி உள்ளே செத்துவிட்டது. சார்ஜர் போட்டு ஒரு இரவு வைத்தும் இப்படியே சரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பேட்டரி நல்லது, ஆனாலும் டிக் டிக் என்றால் எர்த்தைச் சோதியுங்கள். இந்தச் சோதனையை மெக்கானிக் கடைகளில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அழுத்துங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. அந்த வயர் எஞ்சினிலோ சேசிஸிலோ போல்ட் போட்ட இடத்தைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போகத் தேய்த்து இறுக்குங்கள். தனுஷ்கோடிக்குப் போய் உப்புக் காற்றில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அப்படியே மூடி வைத்த வண்டிகளில் இந்த முனை பூத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

நடுவழியில் இந்த நிலை வந்தால்: கார்ப்ரேட்டர் வண்டியை இரண்டாம் கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். எஃப்ஐ (ஃபியூல் இன்ஜெக்ஷன்) வண்டியில் பேட்டரி சுத்தமாகக் காலி என்றால் தள்ளிப் பயனில்லை. பெட்ரோல் பம்ப்புக்கும், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவுக்கும் மின்சாரம் வேண்டும். காரிலிருந்து ஜம்ப் எடுப்பதென்றால் கார் எஞ்சினை அணைத்துவிட்டு, சிவப்பு முனைகளை ப்ளஸுக்கு ப்ளஸ் மாட்டி, கறுப்பைக் கார் மைனஸில் மாட்டி, கடைசி முனையை உங்கள் எஞ்சின் உலோகத்தில் கவ்வவிடுங்கள்.

## ஒரே ஒரு ‘டிக்’, அல்லது சத்தமே இல்லை

சத்தமே இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் முடியும் சோதனைகள் முதலில்: கில் சுவிட்ச் (ஹேண்டிலில் எஞ்சினை உடனே அணைக்கும் சுவிட்ச்), நியூட்ரல் விளக்கு, கிளட்ச் பிடித்தபடி முயற்சி, சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு முயற்சி. சைடு ஸ்டாண்ட் சென்சாரில் சேறு அடைத்தால் ஸ்டாண்ட் கீழே இருப்பதாகவே வண்டி நினைக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி ஸ்டாண்டைப் பத்துமுறை ஏற்றி இறக்குங்கள். கிளட்ச் லீவர் அடியில் இருக்கும் சின்ன சுவிட்சின் வயர் பிடுங்கிக்கொண்டு நிற்பதும் உண்டு.

ஒரே ‘டிக்’ கேட்டு, பேட்டரியும் எர்த்தும் நல்லதாக இருந்தால் செல்ஃப் ரிலேவின் உள்முனை கருகியிருக்கலாம். ரிலேவின் இரண்டு பெரிய முனைகளிலும் மீட்டரை வைத்துச் செல்ஃப் அழுத்துங்கள். ரிலே நல்லது என்றால் அளவு பூஜ்யத்துக்கு அருகில் இறங்கும். 12 வோல்ட் அப்படியே நின்றால் ரிலே கடத்தவில்லை, மாற்றிவிடலாம். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பார்ப்பார்கள். தீப்பொறி பறக்கும், வண்டி கியரில் இருந்தால் பாயும். மீட்டர் இருக்கும்போது அந்த வேலை வேண்டாம்.

ரிலேவும் நல்லது, மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கும். அவசரத்துக்கு மோட்டார் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் ஒருமுறை எடுத்துக்கொள்ளும். ஊர் திரும்பியதும் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கார்பன் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேளுங்கள். முழு மோட்டார் விலையோடு பார்த்தால் அது மிகச் சின்னச் செலவு.

## மோட்டார் ‘விர்’ரென்று சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை

மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் ஒன்வே கிளட்ச் நழுவுகிறது. எஞ்சின் பக்கக் கவரைத் திறக்கும் வேலை இது, வீட்டில் செய்ய வேண்டாம். கிக்கர் இருந்தால் அதை வைத்து வீடு போய்ச் சேருங்கள். கிக்கர் இல்லாத வண்டியைத் தள்ளி எடுக்கலாம். பேட்டரி இறங்கிய நிலையில் தொடர்ந்து செல்ஃப் அழுத்துவதும் இது கெடுவதற்கு ஒரு காரணம். ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் அழுத்தாமல், நடுவில் 15 விநாடி விடுங்கள்.

## எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

எஃப்ஐ வண்டியில் சாவி போட்டு கில் சுவிட்ச் ‘ஆன்’ செய்தவுடன் டேங்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி ‘ஊம்’ என்ற பம்ப் சத்தம் வர வேண்டும்.

சத்தம் இல்லையென்றால்: பம்ப் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து பம்ப் ரிலேவைக் கழற்றி, அதே வடிவமும் அதே எண்ணும் உள்ள இன்னொரு ரிலே வண்டியில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வண்டி சாய்ந்து விழுந்த பிறகு இப்படியானால் சாவியை முழுதாக அணைத்து மறுபடி போடுங்கள். சாய்வு சென்சார் பம்ப்பை நிறுத்தியிருக்கும். எதற்கும் அசையவில்லையென்றால் பம்ப்பே போயிருக்கலாம். டேங்கைத் திறக்கும் வேலையை சர்வீஸ் சென்டரில் விடுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை அல்லது பெட்ரோல் நிரம்பிவிட்டது. புது பிளக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து 5 விநாடி செல்ஃப் அழுத்துங்கள். பிளக் கேப்பின் கழுத்தில் விரிசலோ உள்ளே ஈரமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். நுனி காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்ப்ரேட்டர் வண்டியில் அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தினால் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் சொட்ட வேண்டும். சொட்டுவது கலங்கலாகவும், கண்ணாடி டம்ளரில் பிடித்தால் அடியில் தனியாகப் பிரிந்தும் தெரிந்தால் அது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். இரண்டு மூன்று மாதம் பாதி டேங்கோடு நிறுத்திவைத்த வண்டியில் இதை எதிர்பார்க்கலாம். முழுதாக வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

## காலையில் நன்றாகக் கிளம்பியது, மாலையில் செல்ஃப் எடுக்கவில்லை

டூரிங் வண்டியில் நான் அதிகம் பார்த்த பழுது இதுதான். நாள் முழுக்க ஓடியும் பேட்டரி காலியாகிறது என்றால் ஓட்டத்தில் சார்ஜ் ஏறவில்லை. இந்த நிலையில் புது பேட்டரி வாங்கினால் அது மறுநாள் மாலையே காலியாகும். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள், எதையும் தாண்ட வேண்டாம்.

முதலில் வெளிச் சார்ஜரில் பேட்டரியை நிறையுங்கள். காலி பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு எதுவும் சரியான செய்தி சொல்லாது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். ஆக்சிலேட்டரை மெல்ல ஏற்றி, சுமார் 4000 ஆர்பிஎம்மில் பிடியுங்கள்.

13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. அப்படியானால் நீங்கள் இழுக்கும் சுமைதான் அதிகம். 55 வாட் ஹெட்லைட், 40 வாட் ஃபாக் லேம்ப் இரண்டு என்று கூட்டுங்கள். 135 வாட், அதாவது 14 வோல்ட்டில் சுமார் 10 ஆம்ப். இது போக பம்ப், இக்னிஷன், பிரேக் லைட், போன் சார்ஜர். நெடுஞ்சாலையில் வண்டி இதைத் தாங்கும். பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு மணி நேரம் ஸ்லோ ஸ்பீடில் ஊர்ந்தால் தாங்காது, ஸ்லோவில் காயில் தருவது குறைவு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. ஃபாக் லேம்ப்பை ஊருக்குள் அணைத்துவிடுங்கள். முன்னாள் உரிமையாளர் 100/90 வாட் பல்பு போட்டிருக்கிறாரா என்றும் ஹெட்லைட்டைக் கழற்றிப் பாருங்கள். ஹோல்டர் உருகியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. 60/55 பல்புக்கே திரும்பிவிடுங்கள்.

12.6ஐத் தாண்டவே இல்லை, நேரம் போகப் போக இறங்குகிறது என்றால் சார்ஜ் ஏறவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, மேக்னட் காயிலிலிருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்குப் போகும் கப்ளரைத் தேடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரே நிறத்தில் மூன்று தடித்த வயர்கள், பொதுவாக மஞ்சள். கப்ளரைப் பிரித்து உள்ளே பாருங்கள். பழுப்பாகவோ, உருகியோ, ஒரு பின் மட்டும் கறுத்தோ இருந்தால் பழுது அங்கேயே இருக்கிறது. அந்தக் கப்ளரை வெட்டி எடுத்துவிட்டு, புது கப்ளர் போட்டோ வயர்களைச் சரியாக சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டோ இணைத்தால் போதும். இதோடு வேலை முடிந்த வண்டிகள் பல.

கப்ளர் சுத்தமாக இருந்தால் அதைப் பிரித்தபடியே, எஞ்சின் ஓடாத நிலையில், மீட்டரைப் பீப்பில் வைத்து காயில் பக்கத்து மூன்று வயரையும் ஒவ்வொன்றாக எஞ்சின் உலோகத்தோடு தொடுங்கள். எதிலும் பீப் வரக் கூடாது. வந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது.

அடுத்து மீட்டரை ஏசி 200 வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முதல்-இரண்டாம், இரண்டாம்-மூன்றாம், முதல்-மூன்றாம் வயர்களுக்கு இடையே அளவெடுங்கள். ஆக்சிலேட்டர் ஏறும்போது மூன்று ஜோடியும் சேர்ந்து ஏற வேண்டும். எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும், 50க்கு மேல் போவது சாதாரணம். மூன்றும் சமமாக இருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெறும் முனைகளில் விரல் படாமல் செய்யுங்கள், நன்றாக அடிக்கும்.

மூன்றும் சமம், எர்த்தும் இல்லை: காயில் நல்லது, ஆர்.ஆர். யூனிட்டையோ அங்கிருந்து பேட்டரிக்கு வரும் வயரையோ சந்தேகப்படுங்கள். வயரைச் சோதித்துவிட்டு யூனிட்டை மாற்றுங்கள். கம்பெனி யூனிட்டே வாங்குங்கள். பாதி விலையில் கிடைப்பதை நான் இரண்டு வண்டிகளில் போட்டுப் பார்த்தேன், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

ஒரு ஜோடி மட்டும் குறைவு, அல்லது எர்த்: காயில் போய்விட்டது. இதற்கு மேக்னட் பக்கக் கவரைத் திறந்து, பல வண்டிகளில் ஆயிலையும் வடித்து, புது கேஸ்கட் போட வேண்டும். மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். காயில் கட்டும் கடையில் திரும்பக் கட்டித் தருவார்கள், புதிதாகவும் கிடைக்கும். நல்ல கைக்காரர் கட்டியது பல வருடம் ஓடும். யார் கட்டியது என்று தெரியாவிட்டால் நான் புதிதுதான் போடுவேன்.

## பல்பு அடிக்கடி போகிறது, பேட்டரி வீங்குகிறது

மேலே சொன்ன ஓட்டச் சோதனையில் 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா பாருங்கள். தாண்டினால் ஆர்.ஆர். யூனிட்டின் எர்த்தைத் தேய்த்து இறுக்கி மறுபடி அளவெடுங்கள். அப்போதும் குறையவில்லையென்றால் யூனிட்டை மாற்றியாக வேண்டும். வீங்கிய பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், திறக்கவோ குத்தவோ வேண்டாம். முட்டை அழுகிய வாடை வந்தால் அன்றைய பயணத்தை அதோடு நிறுத்துங்கள்.

## ஓடும்போது வெட்டி வெட்டி நிற்கிறது

எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது: ஹேண்டில் கழுத்தில் வயரிங் கிட் உரசி உள்ளே அறுந்திருக்கிறது. வால்பாறை ஏறும்போது நண்பர் ஒருவரின் வண்டி வலது வளைவுகளில் மட்டும் அணைந்தது. 40 கொண்டை ஊசி வளைவில் பதினைந்தைத் தாண்டிய பிறகுதான் அந்த ஒழுங்கு எங்களுக்குப் பிடிபட்டது. நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினால் நின்ற இடத்திலேயே தெரியும்.

அரை மணி ஓடி நின்று, பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால்: நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்க் பேக் அதை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று இழுக்கவில்லையென்றால் சூட்டில் விட்டுப்போகும் இக்னிஷன் காயில் அல்லது பல்சர் காயில் (எப்போது பொறி விட வேண்டும் என்று சொல்லும் சென்சார்). அதைச் சூடான நிலையிலேயே சோதிக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் வேலை.

மழையில் மட்டும்: பிளக் கேப், அடுத்து இக்னிஷன் காயில் முனை, அடுத்து கில் சுவிட்ச்.

## ஓட்டாமல் நிறுத்தினால் நான்கைந்து நாளில் பேட்டரி இறங்குகிறது

என் இரண்டு பேட்டரிகளையும் தின்றது இதுதான்.

சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். மீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, டிசி ஆம்பில் வையுங்கள். பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப்பைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கடிகாரம் உள்ள வண்டியில் சில மில்லி ஆம்ப் காட்டுவது இயல்பு. என் வண்டியில் 60 மில்லி ஆம்ப் காட்டியது. நாளுக்கு 1.4 ஆம்பியர் மணிக்கு மேல். 14 ஆம்பியர் மணி பேட்டரி ஒரே வாரத்தில் முக்கால் பங்கு காலி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது அளவு விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் கசிவு. எல்லா ஃபியூஸையும் எடுத்தும் குறையவில்லையென்றால் இரண்டே வழி. ஒன்று, ஆர்.ஆர். யூனிட் பின்னோக்கிக் கசிகிறது. அதன் கப்ளரைக் கழற்றியதும் அளவு விழுந்தால் அதுதான். இன்னொன்று, ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக எடுத்த வயர்.

என் வண்டியில் அந்த இரண்டாவதுதான். பேட்டரி ப்ளஸிலிருந்து கிளம்பிய மெல்லிய சிவப்பு வயர் ஒன்று சீட்டுக்கு அடியில் போய், பின்பெட்டி மாட்டும் கம்பியின் உட்புறம் டேப் சுற்றி ஒளிந்திருந்தது. முனையில் முன்னாள் உரிமையாளர் மாட்டிய பழைய டிராக்கர் இன்னும் உயிரோடு இருந்தது. அதைக் கழற்றியதும் மீட்டர் 2 மில்லி ஆம்ப்புக்கு இறங்கியது. மூன்றாவதாகப் போட்ட பேட்டரிக்கு இப்போது நான்காவது வருடம்.

உங்கள் வண்டியிலும் ப்ளஸ் முனையில் எத்தனை வயர் மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். கம்பெனி போட்டது தவிர மீதி ஒவ்வொன்றையும் அதன் முனை வரை கையால் தடவிப் போய்ப் பாருங்கள். தேவையானதற்குத் தனி ஃபியூஸும், சாவியோடு அணையும் ரிலேவும் போடச் சொல்லுங்கள். வயரிங் கிட்டை மூன்று நான்கு இடத்தில் வெட்டி ஒட்டியிருப்பது தெரிந்தால் நீங்களே பிரிக்க வேண்டாம். எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியை ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். அந்தத் தாளைக் கொடுத்தால் அவர் பேட்டரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க மாட்டார்.